ஹன்லேவில் கிழட்டு நட்சத்திரங்கள்

செப்டம்பர் 26, லே

லேயில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை படுத்துக் கிடப்பது. 3,500 மீட்டர் உயரம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. உடன் வந்திருப்பது மாமா. அம்மாவின் தம்பி, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். ஊரில் போவது போலவே காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்பினார். தெருமுனை வரை போய், சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"ஆக்சிஜன் கம்மின்னு சொல்லாத மாப்ளே. அதே இருபத்தொரு சதவீதம்தான். அழுத்தம்தான் கம்மி" என்று மூச்சிரைப்புக்கு நடுவே திருத்தினார். நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

இந்தப் பயணமே ஒரு வாக்குவாதத்தில் பிறந்ததுதான். ஒரு கல்யாண வீட்டில், இரும்பைவிட கனமான தனிமங்களில் ஏறக்குறைய பாதி, வெடிக்காத கிழட்டு நட்சத்திரங்களில் உருவானது என்று சொல்லிவிட்டேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "வெடிச்சாத்தானே வெளிய வரும்? உள்ளயே இருந்தா யாருக்கு என்ன பிரயோஜனம்?" நியாயமான கேள்வி. பந்தியில் உட்கார்ந்து பதில் சொல்லும் விஷயமில்லை என்பதால், லடாக்கில் இருட்டான வானமும் வானாய்வகமும் உள்ள ஹன்லே ஊருக்குப் போகலாமா என்று கேட்டேன். சரி என்றார்.

செப்டம்பர் 27, லேயிலிருந்து ஹன்லே

சுமார் 250 கிலோமீட்டர். பாதி தூரத்துக்கு மேல் சிந்து நதி கூடவே வருகிறது. பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில், நாம் படித்த வரலாற்றுக்குச் சம்பந்தமே இல்லாதது போல ஒல்லியாக. சுமத்தாங்கில் சாலையோரத்திலேயே வெந்நீர் ஊற்று. ஓட்டுநர் தம்பி முட்டையை அதில் வேகவைக்கலாம் என்றார். மாமா விரலை விட்டுப் பார்த்து, உடனே எடுத்து, "கந்தகம்" என்றார். அங்கே மேகி 80 ரூபாய். ருசி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அந்தக் குளிர்காற்றில் இன்னொரு தட்டு கேட்கத் தோன்றியது.

நியோமா தாண்டியதும் டயர் பஞ்சர். ஓட்டுநர் ஜாக்கியைத் தேடிக்கொண்டிருந்தபோது எதிரே வந்த லாரி தானாகவே நின்றது. இறங்கியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டயரை மாற்றிக் கொடுத்து, கையைத் துடைத்து, "ஜூலே" என்று லடாக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமா பணம் எடுப்பதற்குள் லாரி வளைவைத் தாண்டிவிட்டது.

தாமதத்தால் ஹன்லேவுக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. ஒரு இடத்தில் ஓட்டுநர் முகப்பு விளக்கைத் தாழ்த்திவிட்டு ஊர்ந்தார். 2022 டிசம்பரில் இந்தப் பகுதியை, ஆயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டரை, இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். இரவில் ஹைபீம் போடக்கூடாது, வெளிச்சம் கசியாமல் ஜன்னலுக்குத் திரை போட வேண்டும். ஊர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. தங்கும் வீட்டின் கதவைத் திறந்ததும்தான் உள்ளே அவ்வளவு வெளிச்சமும் அடுப்புச் சூடும் ஆட்களும் இருந்தது தெரிந்தது. இரவு உணவும் காலை உணவும் சேர்த்து ஆளுக்கு 1,500 ரூபாய். துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் கொடுத்தார்கள். மாமா அதில் பருப்புப்பொடி போட்டுச் சாப்பிட்டார். அந்த வீட்டு அம்மாவும் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கி, யோசித்து, தலையாட்டினார். பிடித்ததா இல்லையா என்று கடைசிவரை புரியவில்லை.

செப்டம்பர் 28, ஹன்லே

தலைவலி. 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். ராத்திரி முழுக்கத் தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்துகொண்டே இருந்தேன். போதாததற்கு வானம் முழுக்க மேகம். எதற்கு வந்தோமோ அது இல்லை.

பகலெல்லாம் அடுப்படியில்தான். லடாக் வீடுகளில் சமையலறைதான் கூடமும். நடுவில் பெரிய இரும்பு அடுப்பு, சுவர் முழுக்க அடுக்கடுக்காகச் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள். இங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் சோறு வேகாது. இதை மாமா அந்த வீட்டு அம்மாவுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் பிறந்ததிலிருந்து இங்கே சமைப்பவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் மாமா பாத்திரங்களைக் காட்டி என்னிடம் ஆரம்பித்தார். "சரி, இந்த அடுப்பு இரும்பு எங்கேருந்து வந்துச்சு? வெடிச்சுதானே?"

வெடித்துத்தான். இரும்பில் பெரும்பகுதி, வெள்ளைக் குள்ளன்கள் எனப்படும் செத்த நட்சத்திரங்களின் மையங்கள் வெடித்துச் சிதறியதிலும், பெரிய நட்சத்திரங்கள் சூப்பர்நோவாவாக முடிந்ததிலும் வந்தது. செம்பும் துத்தநாகமும்கூடப் பெரும்பாலும் பெரிய நட்சத்திரங்களின் கொடைதான். மாமா முகத்தில் வெற்றிக் களை. தங்கம்? அது இன்னும் பெரிய கலவரம். 2017 ஆகஸ்ட் 17-இல், 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள், அதாவது வெடித்த பெரிய நட்சத்திரங்கள் விட்டுப்போன அடர்ந்த எச்சங்கள், மோதியதை ஈர்ப்பலை மூலம் பிடித்தார்கள். அந்த மாதிரி மோதல்களில் தங்கமும் பிளாட்டினமும் பிறக்கின்றன.

"அப்ப உன் கிழடுகளுக்கு என்னதான் மிச்சம்?"

ஒரு பித்தளைப் பானையை எடுத்து உட்புறத்தைக் காட்டினேன். பூசியிருந்தது வெள்ளீயம். அதில் பெரும்பங்கு கிழடுகள் செய்தது. காரீயத்தில் பெரும்பங்கும் அப்படித்தான். பேரியம், ஸ்ட்ரான்சியம், யிட்ரியம், சிர்கோனியம், சீரியம் எல்லாம் அதே கணக்கில்தான்.

எப்படி என்பதை விளக்கத்தான் மத்தியானம் முழுக்கப் போனது. சூரியனின் எடையிலிருந்து ஏழெட்டு மடங்கு வரை எடையுள்ள நட்சத்திரங்கள், மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் ஊதிப் பெருத்துச் சிவக்கின்றன. பிறகு ஹீலியம் எரிந்து கார்பனும் ஆக்சிஜனும் ஆகிறது. அதுவும் தீர்ந்தபின், மையத்தைச் சுற்றி ஒரு ஹீலியம் ஓடும் அதற்கு வெளியே ஒரு ஹைட்ரஜன் ஓடும் மாறி மாறி எரிகின்றன. இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். அங்கே கார்பன்-13 அணுக்கரு ஹீலியத்தோடு சேர்ந்து ஆக்சிஜனாகும்போது ஒரு நியூட்ரான் உதிர்கிறது. நட்சத்திரம் பிறக்கும்போதே அதனுள் இருந்த கொஞ்சம் இரும்பு, அந்த நியூட்ரானை விழுங்குகிறது. அடுத்த நியூட்ரான் வரப் பல வருடங்கள் ஆகலாம், ஆயிரம் வருடம்கூட ஆகலாம். அதற்குள் அணுக்கரு நிலையில்லாததாக இருந்தால், உள்ளிருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, அது தனிம அட்டவணையில் அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விடும். இப்படியே ஒவ்வொரு படியாக ஏறி காரீயம் வரை, பிஸ்மத் வரை.

"அவசரமே இல்லாம" என்றார் மாமா.

அவசரமே இல்லாமல். நியூட்ரான் நட்சத்திர மோதலில் நொடிக்கணக்கில் முடிகிற வேலையை இவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செய்கின்றன.

சாயங்காலம் போன் சிக்னல் அரை மணி நேரம் எட்டிப் பார்த்தது. இன்றைய தேதியைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. 1969-இல் இதே செப்டம்பர் 28 அன்றுதான் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விண்கல் விழுந்தது. அந்தக் கல்லைக் கரைத்து, அதிலிருந்து சிலிக்கான் கார்பைடு துகள்களைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு. சூரியனும் பூமியும் உருவாகும் முன்பே, ஏதோ கிழட்டு ராட்சத நட்சத்திரங்களின் மூச்சுக்காற்றில் உறைந்த தூசு அவை. சிலவற்றுக்கு வயது 700 கோடி ஆண்டு என்று 2020-இல் கணக்கிட்டார்கள். நம் சூரியனுக்கே 460 கோடிதான். அந்தத் துகள்களுக்குள் இருக்கும் தனிமங்களின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள்) விகிதம், மெதுவாக நியூட்ரான் விழுங்கியதன் கைரேகையை அப்படியே காட்டுகிறது. மாமாவுக்கு இது பிடித்திருந்தது. ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தது என்றால் அவருக்கு ஒரு தனி மரியாதை.

செப்டம்பர் 29, ஹன்லே

காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மடாலயத்துக்கு ஏறினோம், பாதியில் உட்கார்ந்தோம், ஏறினோம். கீழே புல்வெளியில் கியாங் எனப்படும் காட்டுக் கழுதைகள். பட்டர் டீ 30 ரூபாய். உப்புப் போட்ட டீயை மாமா ரசம் என்று நினைத்துக் குடித்தால் பிரச்சினை இல்லை என்று கண்டுபிடித்தார்.

இருட்டியதும் அந்த வீட்டுப் பெண் மாடியில் தொலைநோக்கியை நிறுத்தினார். இங்கே உள்ளூர் ஆட்கள் 24 பேருக்குப் பயிற்சி கொடுத்து வானியல் தூதர்களாக ஆக்கியிருக்கிறார்கள். அவர் அதில் ஒருவர். தலைக்கு 300 ரூபாய் கேட்டார். டெல்லியிலிருந்து ஒரு குடும்பமும் சேர்ந்துகொண்டது. அந்தக் குடும்பத்துப் பையன் நெற்றியில் வெள்ளை விளக்கை மாட்டிக்கொண்டு வந்தான். அவர் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து சிவப்புக் கண்ணாடித்தாளை எடுத்து அவன் விளக்கில் ஒட்டி, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கார் ஹைபீமோடு வந்தபோதுதான் ஓடிப்போய்த் தன் சால்வையை அதன் விளக்கின்மேல் போட்டார்.

முதலில் தென்மேற்கே மலை விளிம்பில் கேட்டை. சிவப்பாக, மறையும் அவசரத்தில். இது வெடிக்கப்போகிற ரகம். திருவாதிரையும் அப்படித்தான். "அது உங்க கட்சி மாமா" என்றேன். ஆனால் அந்தக் கட்சிக்காரர்கள்கூட வெடிக்கும்வரை சும்மா இருப்பதில்லை. 2019 கடைசியில் திருவாதிரை மங்கியபோது வெடிக்கப் போகிறது என்று உலகமே பரபரத்தது. பார்த்தால் அது கக்கிய தூசு அதையே மறைத்திருந்தது.

அடுத்து உச்சியிலிருந்து கொஞ்சம் மேற்கே வளைய நெபுலா. கண்ணாடி வழியே பார்க்கச் சின்னதாக, நிறமில்லாமல், ஒரு புகை வளையம். 2,500 ஒளியாண்டு தொலைவில் ஒரு ராட்சத நட்சத்திரம் கழற்றிப் போட்ட வெளிப்புறம் அது. டெல்லிப் பையன், போட்டோவில் கலராக இருக்குமே என்று ஏமாந்தான். மாமா ஏமாறவில்லை. இரண்டு முறை வரிசையில் நின்றார்.

மகர ராசியில் ஒரு மஞ்சள் நட்சத்திரத்தை வெறும் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. சீட்டா கேப்ரிகார்னி. பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. ஆனால் அதில் அளவுக்கு மீறிப் பேரியம் இருக்கிறது. இந்த ரகத்துக்கே பேரியம் நட்சத்திரங்கள் என்று பெயர். அந்தப் பேரியத்தை இது செய்யவில்லை. பக்கத்திலேயே சுற்றும் ஜோடி நட்சத்திரம் முன்னொரு காலத்தில் கிழ ராட்சதனாக இருந்தபோது ஊதியது இதன்மேல் படிந்திருக்கிறது. ஊதியது இப்போது வெள்ளைக் குள்ளன். வெடிக்காமல் வெளியே வருமா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியாது. மாமா ரொம்ப நேரம் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரன் பெயின்ட் அடிச்சது" என்றார்.

மீன ராசியில் டி.எக்ஸ். பிஸியம். தொலைநோக்கியில் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம், பக்கத்து நட்சத்திரங்களோடு ஒட்டாத நிறம். கார்பன் நட்சத்திரம். கண்மாயைத் தூர்வாருகிற மாதிரி, உள்ளே சமைந்ததை அவ்வப்போது கிளறி மேலே கொண்டுவரும் கட்டம் ஒன்று உண்டு. அப்படிக் கொண்டுவந்த கார்பன், ஆக்சிஜனைவிட அதிகமாகிவிட்டால், ஆக்சிஜன் எல்லாம் கார்பன் மோனாக்சைடாக அடைபட்டுப் போகும். மிச்சக் கார்பன் மூலக்கூறுகளாகவும் கரியாகவும் மிதந்து நீல ஒளியைத் தின்றுவிடும். அதனால்தான் இந்தச் சிவப்பு. கார்பனோடு கூடவே பேரியமும் சிர்கோனியமும் மேலே வருகின்றன.

ஆண்ட்ரோமீடாவில், ஒளி கூடிக் குறையும் கிழட்டு நட்சத்திரமான ஆர் ஆண்ட்ரோமீடே இருக்கும் இடத்தையும் காட்டச் சொன்னேன். இப்போது மங்கிய நிலை, தெரியவில்லை. காலியான இடத்தைக் காட்டித்தான் மாமாவிடம் கதை சொன்னேன். 1952-இல் வானியலாளர் பால் மெரில், இந்த ரக நட்சத்திரங்களின் நிறமாலையில், அதாவது ஒளியை நிறங்களாகப் பிரித்த பட்டையில், டெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டுபிடித்தார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "டெக்னீசியமா? 1937ல சைக்ளோட்ரான்ல அடிபட்ட மாலிப்டினத்துல கண்டுபிடிச்சது. இயற்கையில கிடையாதுன்னு முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன்."

அதுதான் விஷயமே. நட்சத்திரத்துக்குள் உருவாகும் டெக்னீசியம்-99-இன் அரை ஆயுள் சுமார் 2.1 லட்சம் ஆண்டு. நட்சத்திரத்தின் வயது அதைவிடப் பல மடங்கு அதிகம். பிறக்கும்போது கொண்டுவந்திருந்தால் எப்போதோ அழிந்திருக்கும். ஆகவே அங்கேயே, அண்மையில் செய்தது. நட்சத்திரங்கள் கனமான தனிமங்களைச் செய்கின்றன என்பதற்கு முதல் கண்கூடான சாட்சி அந்தக் கோடுகள். எந்த வெடிப்பும் இல்லாமல்.

மாமா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிவாக்கில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது, என் போன் 40 சதவீதத்திலிருந்து நேராக அணைந்தது. கிழக்கே ரோகிணி நன்றாக மேலே வந்திருந்தது, திருவாதிரையும் தலைகாட்டியது. போதும் என்று கீழே இறங்கினோம்.

செப்டம்பர் 30, குன்றின் மேல்

வானாய்வகம் 4,500 மீட்டரில், ஊருக்குப் பக்கத்துக் குன்றில். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பகலில் பார்க்கலாம். இமாலய சந்திரா தொலைநோக்கி, 2 மீட்டர் ஆடி. ராத்திரி இதை இயக்குபவர்கள் இங்கே இல்லை. பெங்களூரு அருகே ஹோசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு மூலம் திருப்புகிறார்கள். இந்த மூச்சுத்திணறலை அனுபவித்தபின் அது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று புரிகிறது. இதோடு இணைந்த நிறமாலைமானியைக் கொண்டு, பேரியம் நட்சத்திரங்களையும் கார்பன் மிகுந்த பழைய நட்சத்திரங்களையும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தினர் ஆராய்கிறார்கள். நேற்று ராத்திரி பார்த்த மாதிரி ரகங்களைத்தான்.

தொலைநோக்கிக்கு வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர் வைத்தது பொருத்தம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930-இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவர் போட்ட கணக்கு, வெள்ளைக் குள்ளனாகத் தாக்குப்பிடிக்க ஒரு எடை வரம்பு உண்டு என்பது. இன்று அதைச் சுமார் 1.4 சூரியன் என்கிறோம். அப்படியானால் ஐந்து, ஆறு சூரியன் எடையில் பிறந்த நட்சத்திரம் எப்படி அமைதியாக முடிகிறது? எடையை இறக்கிவிடுவதால். கிழ வயதில் அது துடிக்கிறது. துடிப்பில் மேலே எழும் வாயு குளிர்ந்து தூசாகிறது. நட்சத்திரத்தின் ஒளியே தூசைத் தள்ளுகிறது. தூசு வாயுவையும் இழுத்துக்கொண்டு நொடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. தீவிரமான கட்டத்தில் ஒரு வருடத்தில் மூன்று பூமி எடை போய்விடும். நம் சூரியனும் 500 கோடி ஆண்டுக்கு மேல் கழித்துக் கிட்டத்தட்டப் பாதி எடையை இப்படித்தான் தொலைக்கப்போகிறது. வெளியே போனது மேகங்களோடு கலந்து அடுத்த தலைமுறை நட்சத்திரங்களுக்கும் கோள்களுக்கும் சேர்கிறது.

வாசலில் காவலுக்கு நின்றவர் மாமாவின் உதடு நீலமாவதைப் பார்த்துத் தன் நாற்காலியைக் கொடுத்தார், வெந்நீரும் கொடுத்தார். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு இறங்கினோம். வெடிப்புக்குக் கிடைக்கிற விளம்பரம் இந்த நட்சத்திரங்களுக்குக் கிடைப்பதில்லை என்பது என் பழைய குறை. பள்ளிப் புத்தகம், டிவி எல்லாம் சூப்பர்நோவாதான். படம் நன்றாக வரும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 1, திரும்பும் வழி

உயரம் குறையக் குறைய மாமாவுக்குப் பேச்சு கூடியது. சுமத்தாங்கில் அதே கடை. அதே மேகி இன்று 100 ரூபாய்; கேட்டதற்கு, சீசன் முடிகிறது, சிலிண்டர் வரவில்லை என்றார்கள். கொடுத்தோம்.

"மாப்ளே, உன் மெதுவான சமையல் பிஸ்மத்தோட நிக்குதுன்னு சொன்னியே, ஏன்?"

பிஸ்மத் இன்னொரு நியூட்ரானை விழுங்கினால் பொலோனியமாகும், அது சீக்கிரமே ஆல்ஃபா துகளைக் கக்கி காரீயத்துக்கே திரும்பிவிடும். மெதுவாகப் போகிறவர்களால் அந்த இடத்தைத் தாண்ட முடியாது.

"அப்ப தோரியம், யுரேனியம்?"

அவற்றுக்கு நியூட்ரான் மழை வேண்டும். மோதலோ வெடிப்போ, ஏதோ ஒரு கலவரத்தில்தான் பிறக்க முடியும்.

"ம்" என்று மேகியைக் கிளறினார் மாமா. "அப்ப யுரேனியம் எங்க கட்சி." ஓட்டுநர் தம்பியைக் கூப்பிட்டு, இன்னும் மூன்று டீ சொல்லச் சொன்னார்.